ஜன்னல் பக்கம் திரும்பு, அம்மா

துபாயில் கராமா பகுதியிலுள்ள ஒரு சிறிய ஓவியக் கூடத்தில் ஏழு ஆண்டுகளாக மனித முகங்களை வரைந்து பிழைக்கிறேன். நேரில் வந்து உட்காருபவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஊரிலிருக்கும் தாயின் புகைப்படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, அதை எண்ணெய் வண்ணத்தில் கேட்கிறார்கள், கூடவே நிறத்தைச் சற்றுக் கூட்டச் சொல்கிறார்கள். கறுத்த தோலுக்கு வெள்ளையைக் கலந்தால் நிறம் கூடாது, முகம் சாம்பல் பூத்துப்போகும் என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

என் அம்மாவை மட்டும் நான் வரைந்ததே இல்லை. வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெருவில் சுவரில் தொங்கும் முகம் என்றால் அது இறந்தவருடையது. கல்லூரி நாள்களில் நானே காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும், ரேஷன் அட்டையில் இருந்த மங்கிய படத்தைப் பார்த்து, காரியத்துக்கு முந்தைய இரவு முழுக்க விழித்திருந்து, அப்படிப் பல முகங்களைப் பெரிதாக வரைந்து கொடுத்திருக்கிறேன். "எனக்கும் மாலை போட்டு மாட்டப் பாக்கறியா நைனா?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால், வரையாவிட்டாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவித் தம்பியின் படகும் வலையும் தார் பூசியதுபோல் ஆனபோது, சில நாள் கழித்துக் கிடைத்த வீடியோ அழைப்பில் நான் முதலில் கண்டது அவளுடைய நகக்கண்களில் ஏறியிருந்த கறுப்பைத்தான். வலையை அவளும் கழுவியிருக்கிறாள். "கையில பெயின்ட் பட்டா நீ எதால தொடைப்பே?" என்று கேட்டாள். டர்பன்டைன் வேண்டாம், தோல் எரியும், தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பழந்துணியால் வழித்துவிட்டுப் பிறகு சோப்பு போடு என்றேன். நான் கற்ற தொழில் வீட்டுக்கு நேரடியாக உதவியது அந்த ஒரு முறைதான். அனுப்புகிற பணத்தை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போதைய கவலை வேறு. இங்கே எட்டு மணியானால் அங்கே ஒன்பதரை, அதுதான் நாங்கள் பேசும் நேரம். சில வாரங்களாக அம்மா டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்காருகிறாள், முகம் முழுக்க நிழலில் இருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பதே தொழிலாகக் கொண்டவனிடம் அந்தத் தந்திரம் பலிக்குமா? கடந்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை என்பதால், பகலிலேயே தம்பியை அழைத்து, அவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைக்கச் சொன்னேன். கீழ் இமைகள் இரண்டும் உப்பியிருந்தன. காலைக் காட்டச் சொன்னேன், கணுக்காலிலும் வீக்கம்.

"முகத்தப் பாத்தே சொல்றியே, நீ இன்னா டாக்டரா?" என்று சிரித்தாள். அவள் சிரிப்பை நம்பாமல் தம்பியை மிரட்டி மருத்துவரிடம் அனுப்பினேன். சிறுநீரும் இரத்தமும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று மாலை கோழிக்கோட்டு வாடிக்கையாளர் ஒருவரின் தாயாருக்கு இமைகளை வரைந்துகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான், புகைப்படத்தில் இல்லாத ஒரு வீக்கத்தை இரண்டு கண்களுக்கும் கீழே நான் ஏற்றியிருப்பது தெரிந்தது. வண்ணம் ஈரமாகவே இருந்ததால் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, தம்பிக்கு மறுபடியும் போன் போட்டேன்.