ஒரே அலுவலகம், இரண்டு நாடுகள்

பிரிட்டனின் ‘தி ஆஃபிஸ்’ நகைச்சுவைத் தொடரையும் அதன் அமெரிக்க வடிவத்தையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன். என் ஓட்டு பிரிட்டனுக்குத்தான்.

ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் 2001இல் பிபிசியில் தொடங்கினார்கள். 12 அத்தியாயங்கள், 2003இல் இரண்டு பகுதிகளாக ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி, அவ்வளவுதான். எழுத்தும் இயக்கமும் முழுக்க அந்த இருவருடையதே. அதனால்தான் கதையின் மேலாளர் டேவிட் பிரெண்டை யாருக்காகவும் நல்லவனாக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இரண்டாம் சீசனின் முடிவில், வேலையைப் பறிக்க வேண்டாம் என்று அவன் குரல் உடைந்து கெஞ்சும்போது பின்னணி இசை எதுவும் கிடையாது. அவ்வளவு நேரமும் எரிச்சலூட்டிய மனிதனுக்காக எனக்குத் தொண்டை அடைத்தது.

அமெரிக்காவில் என்பிசி 2005 முதல் 2013 வரை 201 அத்தியாயங்களை ஒளிபரப்பியது. எழுதியது ஒரு பெரிய குழு. சகிக்க முடியாத மேலாளரை யார் ஒன்பது சீசன்கள் பார்ப்பார்கள்? ஆகவே இரண்டாம் சீசனிலிருந்து அமெரிக்க மேலாளர் மைக்கேல் ஸ்காட்டுக்குக் கனிவு கூடியது. அவராக நடித்த ஸ்டீவ் கரேலின் நடிப்பு அபாரம், மறுக்கவே மாட்டேன். அலுவலக ஊழியர்கள் ஜிம், பாம் காதலுக்கும் அந்த நீளம் உதவியது. ஆனால் 2011இல் கரேல் விலகிய பிறகும் இரண்டு சீசன்கள் இழுத்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.