மூலையில் நிற்கிற தண்ணீர்

நேற்று இரவு இரண்டு வாளி ஊற்றினேன். காலையில் எழுந்து பார்த்தால் வலது மூலையில் கையகலக் குட்டை அப்படியே கிடக்கிறது. படியில்லாக் குளியலறை வேலையில் இது மூன்றாவது வாரம்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பாத்ரூம் தரை, கூடத்தைவிட 2 அங்குலம் பள்ளம். தோட்டத்தில் பால்மரம் சீவியே முட்டி தேய்ந்துபோன அம்மாவுக்கு, வாக்கரோடு அதில் இறங்குவது தினமும் ஒரு கண்டம். வாசல் பக்கத்தை மெத்திச் சமமாக்கினேன். உடைத்தது, வாட்டர்புரூஃபிங் அடித்தது, கசிகிறதா என்று 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தது எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது.

சரிவுதான் உயிரை வாங்குகிறது. கணக்கு 1:50, அதாவது மீட்டருக்கு 20 மி.மீ. நடுவில் வடிகால் வைத்தால் நாலு பக்கமும் சரிக்க வேண்டும், மோசைக்கை, அதாவது தரைக் கல்லை, குறுக்கே வெட்ட வேண்டும். அதனால் கடைசிச் சுவரை ஒட்டி நீள வடிகால் போட்டேன். ஒரு பக்கச் சரிவோடு போச்சு. என் 900 மி.மீ. ரசமட்டத்துக்கு அடியில், வடிகால் பக்க நுனியில், 18 மி.மீ. பிளைவுட் துண்டை டேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

கோட்டை விட்டது வடிகாலின் நீளத்தில். சுவருக்குச் சுவர் 900. கடையில் இருந்ததோ 600. "போதும்லா" என்றார் கடை முதலாளி தவுக்கே, நானும் தலையாட்டினேன். இரண்டு பக்கமும் மிஞ்சிய 150 மி.மீ.க்கு வருகிற தண்ணீர் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. கல்லை முக்கோணமாக வெட்டி உள்பக்கம் சரித்துப் பார்த்தேன். இடது பக்கம் வழிக்கு வந்தது. வலது பக்கம் விளிம்பு தூக்கிக்கொள்ள, வாக்கரின் ரப்பர் கால் ஆடியது. "படிய ஒடச்சிட்டு மேடு கட்டியிருக்கியேடா" என்றார் அம்மா.

சரி, ஈப்போ போய் 900 வாங்க வேண்டியதுதான். இரண்டு மடங்கு விலை. போகிற கையோடு பிடிகம்பியும் பார்க்கணும்: 38 மி.மீ. குழாய், செங்கல் சுவரில் துளைபோட்டுப் பசையோடு பதிக்கிற கெமிக்கல் ஆங்கர். உறிஞ்சிக்கொண்டு ஒட்டும் ரகத்தை நம்பி வயதானவர்களை விடாதீர்கள். மடக்கு இருக்கையும் வேண்டும், தரையிலிருந்து 450 மி.மீ. உயரத்தில்.

அதற்கு முன்னால் கடைசி வரிசை மோசைக்கை உடைக்கணும். எளிதில் வழுக்காத ஆர் 11 ரகக் கல் ஆறுதான் மிச்சம். அடியில் வாட்டர்புரூஃபிங் கிழியாமல் இருக்காது, மறுபடி அடித்து, மறுபடி 24 மணி நேரம். அதுவரை அம்மாவுக்குப் பின்கட்டில் வாளிக் குளியல்தான்.