மூடாத கார் கதவும் அரை நகம் தூக்கி நின்ற கைப்பிடியும்

ஆடி மாதம் அம்மா, மனைவி, மகளோடு உச்சிப்புளியிலிருந்து தனுஷ்கோடி போயிருந்தேன். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்ட பிறகு சொந்த வண்டியிலேயே முனைவரை போக முடிகிறது, ஆனால் இரண்டு பக்கமும் கடல், ஆடிக் காற்றில் உப்புச் சாரலும் மணலும் வண்டி மேல் அடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் மகள் வலது பின்கதவைத் திறந்தாள், காற்று கதவை அவள் கையிலிருந்து பிடுங்கி முழுசாக விரித்து அடித்தது. கிளம்பும்போது அந்தக் கதவு மூடவில்லை. தள்ளினால் வந்து இடிக்கிறது, கையை எடுத்தால் திரும்பத் திறந்துகொள்கிறது.

ஓங்கி அடித்துப் பார்த்தேன், இன்னும் ஓங்கி அடித்தேன். அது தப்பு என்று அப்போது தெரியாது. சங்கு விற்கும் கடைக்காரர் ஒருவர் வலைக்கயிறு ஒரு துண்டு கொடுத்தார், அதை இரண்டு பின்கதவுகளின் உள்கைப்பிடியிலும் குறுக்கே இழுத்துக் கட்டி, வலது ஓரத்தில் யாரையும் உட்கார விடாமல், பாம்பன் ரோட்டுப் பாலத்தில் முப்பதைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தோம். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், பக்கவாட்டில் காற்று தள்ளத் தள்ள அந்தக் கயிறு முனகிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்படி மாட்டிக்கொண்டால் ராத்திரி வண்டியை விடும்போது உள்விளக்கை அணைத்துவிடுங்கள். கதவு திறந்திருப்பதாக நினைத்து விடிய விடிய எரிந்து பேட்டரியை இறக்கிவிடும்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். காற்று அடித்த கதையைச் சொன்னதுமே "கீல் வளைஞ்சிருச்சு சார், டிங்கரிங் பண்ணணும்" என்றார். அப்புறம் கதவு வந்து மூடும் தூணில், லாக் பிடித்துக்கொள்ளும் கம்பியான ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி வெளியே தள்ளி வைத்தார், சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், கதவு மூடவில்லை. பிறகு லாக் முழுசாக மாற்ற வேண்டும், கூலியோடு 4,500 ரூபாய் என்றார். எனக்கு வருத்தம் பணம் இல்லை. கதவின் ஓரத்தில் இருக்கும் லாக்குக்குள் அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கயிற்றோடு திரும்பி வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், மண்டபத்தில் வள்ளத்து இஞ்சின் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வந்து கதவின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார், ஆட்டமே இல்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார், ஒரே சீராக இருந்தது. "கீல்ல ஒண்ணும் இல்ல தம்பி. கைப்பிடியப் பாருங்க" என்றார். முன்கதவின் வெளிக்கைப்பிடி ஒட்டிப் படிந்திருந்தது, இந்தக் கதவில் அரை நகம் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. ரெண்டு நாளாக அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது படவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். லாக்குக்குள் கவட்டை மாதிரி ஒரு இரும்பு இருக்கும். கதவை மூடும்போது தூணில் உள்ள ஸ்ட்ரைக்கர் கம்பி அதைத் தள்ளிச் சுழற்றும், ஒரு சின்னக் கொக்கி விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். முதல் சத்தம் அரைப் பிடி, இரண்டாவது சத்தம் முழுப் பிடி. கைப்பிடியை இழுத்தால் கொக்கி விலகும். என் கதவில் கைப்பிடி உப்பும் மணலும் ஏறி முழுசாகத் திரும்பாமல் நின்றதால் கொக்கி எப்போதும் விலகியே இருந்தது, எத்தனை தடவை ஓங்கி அடித்தாலும் பிடிக்க ஆளில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். கதவைத் திறந்து வைத்து, ஸ்குரூ டிரைவரால் அந்தக் கவட்டையை மூடும் பக்கமாகத் தள்ளுங்கள். டக், டக் என்று இரண்டு சத்தம் வந்து அப்படியே நிற்க வேண்டும். எனக்கு நிற்காமல் திரும்பி வந்தது. சிலருக்கு நேர்மாறாக, கதவு திறந்திருக்கும்போதே கவட்டை மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும், அப்போது கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி கவட்டையைத் திருப்பிவிட்டாலே போதும். சோதித்து முடித்ததும் மறக்காமல் கைப்பிடியை இழுத்துக் கவட்டையைத் திறந்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும். இல்லாவிட்டால் கம்பி அதன் மேல் மோதி லாக் நிஜமாகவே உடைந்துவிடும்.

நான் எண்ணெய் ஸ்பிரேயை எடுத்தபோது அண்ணன் தடுத்தார். "உப்பு எண்ணெயில கரையாது தம்பி, மொதல்ல நல்ல தண்ணி" என்றார். வள்ளத்து இஞ்சினுக்கும் அதைத்தான் செய்வாராம். ஊசி போடும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் எடுத்து, கைப்பிடியின் அச்சிலும் லாக் வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். உள்ளே சென்ட்ரல் லாக் வயர் இருப்பதால் பைப் வைத்துப் பீய்ச்சக் கூடாது. பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது, கூடவே மணல். கைப்பிடியை ஐம்பது அறுபது தடவை இழுத்து விட்ட பிறகு பட்டென்று தானாகவே திரும்பிப் படிந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மகள் கைதட்டினாள். வெயிலில் ஒரு மணி நேரம் காயவிட்டு, ஸ்பிரே அடித்துத் துடைத்து, வெள்ளை கிரீஸ் மெல்லிசாகத் தடவினோம். அப்பிவிட்டால் நம் ஊர் மணல் எல்லாம் அதிலேயே ஒட்டும்.

கதவு மூடியது, ஆனால் முன்கதவை விட லேசாக வெளியே நின்றது. பட்டறையில் ஸ்ட்ரைக்கரை நகர்த்தியதுதான் காரணம். நல்ல வேளை, தூணின் பெயிண்டில் பழைய தடம் இருந்தது, அதில் திரும்ப வைத்து முடுக்கினோம். யாராவது ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் முதலில் பென்சிலால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு ரப்பரில் வைத்து மூடி நாலு இடத்தில் இழுத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் இறுக்கமாகவே வந்தது. அண்ணன் டீ மட்டும்தான் குடித்தார்.

அன்றே மற்றக் கதவுகளையும் பார்த்தேன். இடது முன்கதவின் கைப்பிடி விட்டதும் ஒரு நொடி தயங்கித்தான் படிகிறது. ஞாயிற்றுக்கிழமை சிரிஞ்சோடு அதற்குப் போகிறேன்.