முள் ஆடாது சார்

“இப்ப சரியாக் காட்டுதா தம்பி?” என்று கேட்டார். “இனிமே முள் ஆடாது சார்” என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆறு மாசம் ஆகிவிட்டது, இன்னும் ஸ்பீடோமீட்டர் பிரச்சினையோடு எந்த வண்டி வந்தாலும் முதலில் இதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வண்டி 98 மாடல் மாருதி 800. மற்றவர்கள் வந்தால் “மீட்டர் தப்பாக் காட்டுது” என்பார்கள், எப்படித் தெரியும் என்று கேட்டால் பையன் போனில் பார்த்தான் என்பார்கள். சார் அப்படி வரவில்லை. நாலுவழிச் சாலையில் முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முள் 55-இல் நின்றபோது 80 வினாடி, 44-இல் நின்றபோது 100 வினாடி. 3600-ஐ வினாடியால் வகுத்தால் உண்மையான வேகம் வந்துவிடும்: 45, 36. ஓடிய தூரம் காட்டும் எண்கள் மட்டும் கல்லுக்குக் கல் சரியாக நகர்கின்றன என்று கீழே தனியாகக் குறித்திருந்தார். இது போக, மெதுவாகப் போகும்போது முள் ஆடுகிறது என்பது இரண்டாவது புகார்.

அந்த நோட்டிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரே கேபிள்தான் இரண்டையும் ஓட்டுகிறது. தூரத்துக்குப் பல் சக்கரம். வேகத்துக்கு ஒரு காந்தம் அலுமினியக் கிண்ணத்துக்குள் தொடாமல் சுற்றும், கிண்ணம் அதன் இழுப்பில் முள்ளோடு சேர்ந்து திரும்பும், மயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங் அதை அளவுக்கு மேல் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கும். தூரம் சரியாக இருக்கிறது என்றால் டயர், கியர், கேபிள் மூன்றின் மேலும் பழி இல்லை. 55-க்கு 45, 44-க்கு 36, இரண்டும் ஒரே விகிதம். அதனால் முள் இடம் மாறி உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பில்லை, அப்படியென்றால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடியிருக்கும். ஸ்பிரிங்தான் தளர்ந்திருக்கிறது. சாரிடம் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம்.

மத்தியானம் அவர் மகன் போன் செய்தார். “அண்ணே, அப்பாவுக்கு 74 வயசு. மீட்டர் கூடக் காட்டுறதாலதான் மெதுவாப் போறாரு. அதை அப்படியே விட்டுருங்க. பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லிருங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, எனக்கும் அப்பா இருக்கிறார்.

முள் ஆடியதற்குக் கேபிள்தான் காரணம், அதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டேன். மேல் முனையில் கொஞ்சம் கிரீஸ் போடாமல் விட வேண்டும், இல்லையென்றால் அது ஏறி மீட்டருக்குள் போய் வேறு தொல்லை கொடுக்கும். இதையெல்லாம் அவ்வளவு கவனமாகச் செய்தேன். முள் ஆடுவது நின்றது. அந்த வேலைக்கு மட்டும்தான் காசு வாங்கினேன். இதை எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. இன்னொன்றும் சொல்லிக்கொள்வேன்: ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிப்படி கார் மீட்டர் குறைத்துக் காட்டத்தான் கூடாது, கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. 45-க்கு 53.5 வரை போகலாம். சாருடையது 55. ஒன்றரைதான் கூட. என்ன பெரிய தப்பு?

ஆனால் அவர் கேட்டது ஆடுகிறதா என்று இல்லையே. சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை, பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொன்னேன். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவருக்கு அது தெரியாமலா இருக்கும்? என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், “சரிப்பா” என்றார், காசை எடுத்தார். அந்த “சரிப்பா”வைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சில நாள் அது சாதாரணமாகத் தெரிகிறது, சில நாள் இல்லை.

போன மாசம் ஆயில் மாற்ற வந்தார். சீட்டில் உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பார்த்தேன். மீட்டர் கண்ணாடிக்குக் கீழே துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, பென்சில் எழுத்து: 44–36, 55–45, 66–54. மறுபடியும் கல் எண்ணியிருக்கிறார். இல்லை, பழைய நோட்டிலிருந்து விகிதம் போட்டு எழுதினாரோ. எப்படியானாலும் இனி முள்ளைப் பார்த்து மெதுவாகப் போகப்போவதில்லை, மகன் நினைத்ததும் போச்சு. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “முள் ஆடலை தம்பி, நல்லா இருக்கு” என்றார். பாராட்டினாரா, குத்தினாரா என்று இன்றைக்கு வரை புரியவில்லை.

மகன் கேட்டதில் தப்பு இருப்பதாக இப்போதும் முழுசாகத் தோன்றவில்லை. நாளைக்கே வேறு யாராவது அப்பாவுக்காக இப்படிக் கேட்டால் முடியாது என்பேனா? தெரியவில்லை. பெரும்பாலும் கேபிளுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய 800 ஒன்றைப் பிரித்தபோது நல்ல மீட்டர் ஒன்று கிடைத்தது. அப்படியே மாட்டினால் சாருடைய வண்டி ஓடிய கணக்கு மாறிவிடும், தூர எண்களை விட்டுவிட்டுக் கிண்ணத்தையும் ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்ற வேண்டும், அரை நாள் வேலை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். சாரிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை.