வண்டி தேடும் முன் காலண்டரை எடுங்கள்

புற்றுநோய் என்று தெரிந்ததும் எல்லோரும் மருந்துச் செலவைத்தான் கணக்குப் போடுகிறார்கள். போக்குவரத்து அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தவர்கூட மூன்றாவது வாரத்தில் வராமல் நின்றுபோகிறார் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த விட்டுப்போன கணக்கைத்தான். சொந்த வண்டி இல்லாதவர், தினக்கூலிக்காரர், கூட வர ஆள் இல்லாத முதியவர் ஆகியோருக்காக ஏற்பாடு செய்யும் உறவினர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இது எழுதப்படுகிறது.

ஏற்பாடு செய்பவர்கள் எடுத்ததும் கேட்பது "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" என்றுதான். எத்தனை தடவை போக வேண்டும் என்று கேட்டால்தான் நிலைமை புரியும். கதிர்வீச்சு, பேச்சு வழக்கில் கரண்ட் வைப்பது, வாரத்துக்கு ஐந்து நாள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான அட்டவணை 70 கிரே (கதிர் அளவின் அலகு), 35 சிட்டிங் (ஒரு தடவை கதிர் வைப்பது ஒரு சிட்டிங்), 7 வாரம். போக 35, வர 35. இது போக, தலை அசையாமல் பிடிக்கும் முகமூடி செய்ய ஒரு நாள், திட்டமிடும் ஸ்கேனுக்கு ஒரு நாள், கூடவே கீமோ இருந்தால் அதற்கான நாட்கள். மெஷினில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்காக ஒரு முழு நாள் கூலி போகிறது. அட்டெண்டராக வருபவரின் கூலியும் சேர்ந்து போகிறது.

"ஒரு நாள் விட்டால் கடைசியில் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு இங்கே ஆபத்தானது. சிகிச்சை தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரம் ஆனதும், தலை, கழுத்துக் கட்டிகளில் மிச்சமிருக்கும் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. மொத்த நாட்கள் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல் குறைகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் வெளிக்கதிர், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, பிறகு உள்கதிர் (உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்) என்று எல்லாவற்றையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எனவே வண்டி வராத நாளில் பேசாமல் வீட்டில் இருந்துவிடக் கூடாது. காலையிலேயே கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போன் செய்ய வேண்டும். அன்று மாலைக்கு நேரத்தை மாற்றலாம், சனிக்கிழமை வைக்கலாம், இன்னொரு நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு சிட்டிங் கொடுக்கலாம். தகவல் தாமதமானால் இந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். இருப்பது ஒரே வண்டி, காத்திருப்பது இரண்டு பேர் என்றால்? மார்பகம், புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) நோயாளிக்கு ஓரிரு நாள் தள்ளிப்போவதைவிட, தொண்டை, கருப்பைவாய் நோயாளிக்குத் தள்ளிப்போவதுதான் அதிக நஷ்டம். முதலில் வந்தவருக்கே வண்டி என்ற விதி நியாயமாகத் தெரியும், ஆனால் மருத்துவ ரீதியில் அது சரியில்லை.

அடுத்தது, பயணங்களையே குறைக்க முடியுமா என்று பார்ப்பது. இந்தப் பேச்சைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும், பாதியில் எடுத்தால் பயனில்லை. "வந்துபோகக் கஷ்டமாக இருக்கிறது, எனக்குப் பொருந்துகிற குறைந்த சிட்டிங் முறை ஏதாவது உண்டா?" என்று நோயாளி வாய் திறந்து கேட்டால்தான் பல டாக்டர்களுக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியவரும். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் 3 வாரம், 15 சிட்டிங்கில் தரும் 40 கிரேவுக்குப் பதிலாக ஒரே வாரத்தில் 5 சிட்டிங், 26 கிரே கொடுத்தால் பலன் குறைவதில்லை என்று பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020-இல் காட்டியது. புரோஸ்டேட்டுக்கு 37 சிட்டிங் இருந்த இடத்தில் 20 போதும் என்று 2016-இல் இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. மலக்குடல் கட்டி உள்ள சிலருக்கு ஐந்தே நாளில் 25 கிரே கொடுக்கும் குறுகிய முறை உண்டு. எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு ஒரே ஒரு தடவை 8 கிரே கொடுப்பது, பத்து நாள் அலைவதற்குப் பெரும்பாலும் ஈடாகும். யாருக்கு எது பொருந்தும் என்பது டாக்டரின் முடிவு, கேட்பது நம் வேலை.

மருந்துகளிலும் இந்த வாய்ப்பு உண்டு. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை 3 வாரத்துக்கு ஒரு முறை 200 மி.கி. போடுவதற்குப் பதில் 6 வாரத்துக்கு ஒரு முறை 400 மி.கி. போடலாம், பயணம் பாதியாகிவிடும். மார்பகப் புற்றுநோய் சிலருக்குத் தரும் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தோலடி ஊசியாகப் போட்டால் 2 முதல் 5 நிமிடம். வருகை குறையாது, ஆனால் மதிய பஸ்ஸைப் பிடிக்கலாம். கீமோவுக்கு முந்தின நாளே வீட்டுக்குப் பக்கத்து லேபில் பிளட் டெஸ்ட் எடுத்து முடிவை அனுப்பிவிடுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை (கவுண்ட்) குறைவாக இருப்பது நூறு கிலோமீட்டர் வந்து சேர்ந்த பிறகு தெரிந்து திருப்பி அனுப்பப்படுவதைப் போன்ற வீண் பயணம் வேறில்லை. உடம்போடு மாட்டி வீட்டுக்கு அனுப்பும் 46 மணி நேர கீமோ பம்ப்பைக் கழற்ற ஒரு வருகை, வெள்ளணுவைக் கூட்டும் ஊசிக்கு மறுநாள் ஒரு வருகை என்று காகிதத்தில் வராத பயணங்களும் இருக்கின்றன. பக்கத்து மருத்துவமனை நர்ஸ் இவற்றைச் செய்யலாமா என்று கேளுங்கள்.

ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் வண்டியை விட்டுவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை தங்க இடம் பாருங்கள். அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியின் இலவசத் தங்குமிடமான ஹோப் லாட்ஜ் 1970-இல் சார்ல்ஸ்டனில் தொடங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். அதே அமைப்பு 'ரோட் டு ரெக்கவரி' என்ற பெயரில் தன்னார்வ ஓட்டுநர்களை வைத்தும் நோயாளிகளை அழைத்துப்போகிறது.

வண்டி சொல்லும்போது விலாசமும் நேரமும் மட்டும் போதாது. நடப்பாரா, சக்கர நாற்காலியா, படுத்தே வர வேண்டுமா, வீட்டில் எத்தனை படி, ஆக்சிஜன் உண்டா, அட்டெண்டர் வருகிறாரா. வாசல் கதவு வரை வந்து கைபிடித்து ஏற்றுவாரா, தெருமுனையோடு சரியா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்து நோயாளிக்குத் தெருமுனை என்பது வெகு தூரம்.

ஏற்பாடு உடைவது அநேகமாகத் திரும்பும் வழியில். கீமோ நாள் எப்போது முடியும் என்று காலையில் யாருக்கும் தெரியாது. கவுண்ட் பார்த்த பிறகுதான் மருந்து கலப்பார்கள், அதிலேயே இரண்டு மணி நேரம் போகலாம். மூன்று மணிக்கு வண்டி என்று சொல்லிவைத்தால், அது மூன்று பத்துக்குக் கிளம்பிவிடும், மருந்து நாலரைக்கு முடியும். திரும்பும் பயணத்தை நேரம் குறிக்காமல் பேசிக்கொண்டு, கடைசி பாட்டில் ஏற்றும்போது சொல்லும்படி நர்ஸிடம் கேட்டு, அந்த நொடி ஓட்டுநரைக் கூப்பிடுவதுதான் வேலைக்காகிற வழி. மயக்கம் கொடுத்துச் செய்யும் நாட்களில் பெரியவர் ஒருவர் கூட இல்லாவிட்டால் சிகிச்சையையே தொடங்க மாட்டார்கள். வாடகை வண்டி ஓட்டுநரை அந்த ஆளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கீமோவுக்கு முன் தரும் அலர்ஜி மருந்தும் தூக்கம் வரவைக்கும்; தானே ஓட்டிக்கொண்டு வந்தவர் தானே ஓட்டிப் போகக் கூடாது.

இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைப்பவர்களின் தொல்லை தனி ரகம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கதிர் படும் இடத்திலிருந்து மேலே தள்ளி நிற்கும். சிறுநீர் கழித்துவிட்டு 400–500 மி.லி. தண்ணீர் குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அளவு அந்தந்தப் பிரிவு சொல்வதுதான். வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பினால் நெரிசலில் வண்டி நிற்கும்போது அடக்க முடியாமல் போகும். வழியில் கழித்துவிட்டு வந்தால், ஸ்கேனில் பை காலியாகத் தெரிந்து, மறுபடி குடித்துவிட்டு வா என்பார்கள். அதற்குள் திரும்பும் வண்டி போய்விடும். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்த பிறகு பாட்டிலைத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தக்கபடி வண்டி ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேர வேண்டும்.

ஓட்டுநர்களுக்கு: வண்டிக்குள் வாசனை அட்டை வேண்டாம், குமட்டலைக் கிளப்ப அது ஒன்றே போதும். சீட் பெல்ட், மருந்து ஏற்ற மார்பில் தோலுக்கடியில் பதித்த போர்ட்டின் மேல் அழுத்தினால் எதிர்ப்பக்கம் உட்காரவையுங்கள், இல்லையென்றால் சிறு துண்டை மடித்து இடையில் வையுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவருக்குக் குளிர்காற்று பட்டால் தொண்டை இறுகி மூச்சு விட முடியாததுபோல் இருக்கும். ஏசி காற்று முகத்தில் படாமல் திருப்புங்கள், வாயை மூடச் சால்வை கொடுங்கள். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். உறுதியான பை, கையுறை வண்டியில் இருக்கட்டும். ஆக்சிஜன் கணக்கு எளிது: 680 லிட்டர் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 340 நிமிடம் வரும். போக, காத்திருக்க, வர என்று கூட்டி அதற்கு மேல் பாதி சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். சிலிண்டரைக் கட்டிவையுங்கள், உருளவிடாதீர்கள். முதுகெலும்புக்கோ தொடை எலும்புக்கோ நோய் பரவியிருந்தால் இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காரவே கூடாது.

பணம் திருப்பித் தரும் திட்டம் எதுவானாலும் அன்றன்று வந்ததற்கான முத்திரையை அன்றன்றே வாங்குங்கள். முப்பத்தைந்தாம் நாளில் மொத்தமாகக் கேட்டால் கவுண்டரில் சண்டைதான் மிஞ்சும்.

இவ்வளவும் முன்கூட்டித் தெரிந்த பயணங்கள். கீமோ போட்டு 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும்போது நள்ளிரவில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், மேலே பேசிய எந்த வண்டியும் வராது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பது. ஆஸ்பத்திரியை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏறியாக வேண்டும். முதல் கீமோவுக்கு முன்பே ஒரு தாளில் ஆம்புலன்ஸ் எண், இரவில் எழுப்பலாம் என்று சம்மதித்த இரண்டு பேரின் எண்கள், வார்டின் எண், கீமோ போட்ட தேதி, மருந்தின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் அழைத்து வருபவர் அந்தத் தாளை அவசரப் பிரிவில் நீட்டினாலே போதும்.