பெரட்டும் ஸ்டோர் சாவியும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போவார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எந்த மர வரிசையைச் சொல்கிறாரோ, அன்றைக்கு அதுதான் அவருக்கு.

மலேசியக் கடற்படையில் எனக்கும் அப்படியே ஆனது. பீரங்கிப் பிரிவைக் கேட்டேன், ‘பெகாலான்’ கொடுத்தார்கள். அதாவது பொருள் வழங்கல். தொண்டை அடைக்க வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா கேட்டார்: “ஸ்டோர் சாவி ஒங்கிட்டயா இருக்கும்? அப்ப நீ கிராணிடா!” கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கப்பலுக்குப் படுக்கை எண்ணிக்கைதான் முதல் கணக்கு. எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று பட்டியல் முன்பே இருக்கும். அதில் காலியான இடத்துக்குக் கரையிலிருந்து ஆள் அனுப்புவார்கள். ஸ்டோர், சம்பளக் கணக்கு, சமையல் எல்லாம் எங்கள் பக்கம். கூடுதல் ஆளுக்கு இடமே கிடையாது. அதனால் லூமுட் கடற்படைத் தளத்தில் அரிசி மூட்டை ஏற்றும் நாளில் ரேடார்காரரும் எஞ்சின்காரரும் வரிசையில் நின்று கைமாற்றுவார்கள். சண்டை மணி அடித்தால் நான் தீயணைப்புக் குழுவில் நிற்பேன், சமையல்காரர் முதலுதவிக்கு ஓடுவார். அமெரிக்கக் கடற்படையில் புதிதாகக் கப்பலேறும் இளையவர்களை, எந்தத் தொழில் படித்திருந்தாலும், சுமார் 90 நாள் சாப்பாட்டுக்கூட வேலைக்கு அனுப்புவது பழைய வழக்கம். 

என் முதல் பயணத்தில், நடுக்கடலில், கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தின் பம்ப்பில் கசிவைத் தடுக்கும் சீல் கிழிந்தது. ஸ்டோர் இருப்பைக் குறிக்கும் அட்டையில் இரண்டு சீல் இருப்பு. அடித்தட்டு ஸ்டோரில் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த் தாள் மட்டும் சுருண்டு கிடந்தது. பொறுப்பேற்ற அன்று நான் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். கரை சேரும்வரை ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பிந்தாரா கானான் என்ற மூத்த மாலுமிப் பதவியில் இருந்த பாகான் செராய்க்கார அண்ணன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, அட்டைய நம்பாத. கைய விட்டுப் பாரு” என்றார். அன்றிரவே இரண்டு பேரும் பெட்டி பெட்டியாக எண்ணத் தொடங்கினோம். ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க எண். ஓர் இலக்கம் பிசகினால் வேறு பொருள் வந்து இறங்கும்.

வேறு பிரிவில் சரிப்படாதவனைத் தண்டனைபோல ஸ்டோருக்குத் தள்ளிய மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அது மகா தப்பு. மனசில்லாதவன் எண்ணினால் எண்ணிக்கை எப்படிச் சரியாக இருக்கும்?

21 வருடச் சேவை முடித்து ஊருக்கே திரும்பிவிட்டேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் முகம் வாடி வந்தான். அவனுக்கும் பெகாலான்தான். நாளைக்கு லூமுட்டுக்குப் பஸ் ஏறுகிறான். அவன் பையில் சின்ன டார்ச் லைட் ஒன்று வைத்தேன். அடித்தட்டு ஸ்டோரில் பின்வரிசைப் பெட்டிகளுக்கு விளக்கு வெளிச்சம் எட்டாது.