சின்ன நோட்டாகக் கொடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் யாரும் முகம் தெரியாத ஆளாக இருக்க முடியாது. இன்னார் எந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார், எந்த லயத்து வீட்டில் இருந்தார், மகன் எங்கே லாரி ஓட்டுகிறான் என்பதெல்லாம் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைக்குத் தெரிந்திருக்கும். அதனாலேயே உள்ளூர்க்காரர் உள்ளூரில் கையேந்த மாட்டார். நம்ம ஊர்க்காரர் ஈப்போவில் போய் உட்காருவார்; நம் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர் தாப்பாவிலிருந்தோ தெலுக் இந்தானிலிருந்தோ வந்திருப்பார். கையேந்துகிறவர்களுக்கு உதவும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். "ஐயா எந்தத் தோட்டம்?" என்று பாசமாகத்தான் கேட்பார்கள். மறுநாள் அந்த இடம் காலியாக இருக்கும். பெயரை மட்டும் கேட்டால் போதும். ஊரை அவரே ஒருநாள் சொல்வார்.

காசு கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு எங்கள் பதில்: பெரியவர்களுக்குக் கொடுக்கலாம், சின்ன நோட்டாக. கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிறவர் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் அது பயன்படும். கழிவறைக்கு 20, 30 சென் வேண்டும். ஷேவிங் பிளேடு, சிலிப்பர், கைபேசிக்கு ஐந்து வெள்ளி ரீலோட், கிளினிக்குக்கு பஸ் காசு. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காட்டி இதில் ஒன்றையும் வாங்க முடியாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே போய்ச் சேர அதைவிட அதிகம் செலவாகும்.

ஐம்பது வெள்ளி நோட்டு வேறு கதை. அழுக்குச் சட்டைக்காரர் அதை நீட்டினால் கடைக்காரர் முதலில் நோட்டைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார், "எங்க எடுத்த?" என்பார். மாற்ற முடியாமல் அதை இன்னொருவனிடம் கொடுத்தால் பாதிதான் திரும்பி வரும். கடைகளின் முன்னே ஐந்தடி நடைபாதையில் படுத்துத் தூங்குகிறவருக்குக் காசு வைக்கப் பத்திரமான இடம் இடுப்புத் துணிதான், அது எல்லாருக்கும் தெரியும். தைப்பூசத்தன்றும் தீபாவளியன்றும் நிறையக் கைகள் நிறையப் போடும், அன்றிரவுதான் அடிதடி. கொடுக்க மனசிருந்தால் அந்த நாளை விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை கொடுங்கள்.

"குடிச்சிட்டுப் போயிடுவான்" என்பது எப்போதும் வரும் பேச்சு. சிலர் குடிக்கத்தான் செய்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. மலிவுச் சம்சு (சாராயம்) எத்தகையது என்று 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் செத்தபோது நாடே பார்த்தது. ஆனால் நம் இரண்டு வெள்ளியை நிறுத்தினால் அவர் குடி நிற்கும் என்று நினைப்பது கணக்குத் தெரியாத நினைப்பு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேசத் தொடங்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அவரைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்து விபூதி பூசிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கைக்குழந்தையோடோ சின்னப் பிள்ளையோடோ வருகிறவர்களுக்குக் காசு வேண்டாம். இதில் மட்டும் நாங்கள் கறார். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை ஒரு குழந்தை தோளில் அசையாமல் தூங்கினால் சந்தேகப்பட வேண்டியதுதான். 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் பிள்ளைகளைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது குற்றம். ரொட்டியும் பாலும் கொடுத்துவிட்டு 15999-க்குக் கூப்பிடுங்கள். அந்த எண்தான் தாலியான் காசே, அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி.

அதே எண்ணைப் பெரியவர்களுக்காக அழைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி சமூக நலத்துறை அதிகாரி ஒருவரைப் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்துவார். விசாரணைக்காக ஒரு மாதம் வரை இல்லத்தில் வைக்கலாம். அதன் பிறகு மூன்று வருடம் வரை அங்கேயே இருக்க உத்தரவிடலாம். அந்த இல்லங்கள் ஜொகூர் மெர்சிங்கிலும் பகாங் ஜெராந்துட்டிலும் இருக்கின்றன. பேராக்கில் வாழ்ந்து தேய்ந்த மனிதருக்கு அது வேறு உலகம். நலத்துறையின் வெள்ளை வேனைக் கண்டதும் அவர் ஏன் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுகிறார் என்பது இப்போது புரியும். போக விரும்புகிறவர்களும் உண்டு, குறிப்பாகப் படுத்த படுக்கையானவர்கள். அதற்காகத்தான் கேட்கச் சொல்கிறோம்.

சாப்பாட்டு விஷயத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் கிழமையில். வெள்ளியும் ஞாயிறும் மூன்று குழு ஒரே இடத்துக்கு நாசி லெமாக்கோடு (தேங்காய்ப் பால் சோறு) வரும்; புதன்கிழமை ஒருவரும் வர மாட்டார்கள். தேங்காய்ப் பால் சேர்ந்தது இந்த வெயிலுக்கு நாலு மணி நேரம்கூடத் தாங்காது. மதியம் சமைத்ததை இரவு ஒன்பதுக்குக் கொடுத்தால் மறுநாள் பேதி, பொதுக் கழிவறையோ பூட்டியிருக்கும். அவித்த முட்டை, வாழைப்பழம், ரொட்டி பரவாயில்லை. பல் இல்லாதவருக்கு இட்லி. பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஒரே தடவையில் மலைபோல் சோறு வைக்காதீர்கள். உடம்பு அதைத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கால் புண்ணைக் கட்டியிருப்பவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம்; அவருக்கு இனிப்பு நீராகவே தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றிக் கொடுப்பதும் வழக்கமாக நடக்கும் தவறு. சீனி கம்மியா என்று கேட்டுவிடுங்கள்.

கையில் காசாகக் கொடுக்க மனம் வராதவர்களுக்குக் கடைக் கணக்கு நல்ல வழி, சரியாகச் செய்தால். கடைக்காரரிடம் ஐம்பது வெள்ளி கொடுத்து, "இன்னாருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வெள்ளிக்குச் சாப்பாடு" என்று நோட்டுப் புத்தகத்தில் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுதாத கணக்கு மூன்று நாளில் தீரும், யார் சாப்பிட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை முன்பே பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் மீந்த மீன் தலையைப் பொட்டலமாகக் கட்டிப் பின்வாசலில் நீட்டிவிட்டு ஐந்து வெள்ளி எழுதுவார்கள். வாரம் ஒரு தடவை புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் சாப்பிட்டதற்கான கோடு விழாமல் இருந்தால் அவருக்கு என்னவோ ஆகியிருக்கிறது. அந்தப் புத்தகத்தால் கிடைக்கிற பெரிய லாபமே அதுதான் என்று தோன்றுகிறது.

இவ்வளவும் அன்றாடப் பாடு. அதற்கு மேலே போக ஐசி (அடையாள அட்டை) வேண்டும். 60 வயதான வறியவருக்கு நலத்துறையின் முதியோர் உதவி 2025-லிருந்து மாதம் 600 வெள்ளி. அது வங்கிக் கணக்கில் விழும், கணக்குத் திறக்க ஐசி கேட்பார்கள், குடிமகனாகவும் இருக்க வேண்டும். சிவப்பு ஐசிக்காரருக்கு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு, கதவு மூடியே இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இன்னும் சிவப்பு ஐசியோடு இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உதவி கிடைத்தும் கையேந்துகிறவரைப் பொய்யர் என்று விரட்டுவதற்கு முன் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வட்டிக்காரர் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்திருப்பது இங்கே புதிதல்ல.

ஐசி தொலைந்தவரிடம் எண் மனப்பாடமாக இருக்கும், பலருக்கு மகள் பெயர் மறந்தாலும் அந்தப் பன்னிரண்டு இலக்கம் மறக்காது. பழைய சம்பளச் சீட்டு, கிளினிக் புத்தகம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்ததற்கு அபராதமும் கட்டணமும் சேர்ந்து நூறு வெள்ளிக்கு மேல். பத்துப் பேர் சேர்ந்தால் கட்டிவிடலாம், இங்கேதான் பெரிய தொகைக்கு வேலை. கட்டணத்தைப் பதிவு இலாகா முகப்பிடத்தில் நீங்களே கட்டுங்கள்.

பிறகு புது ஐசிக்குப் பெருவிரல் ரேகை பதிய வேண்டும். முப்பது வருடம் உளியும் பாலும் பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள், அன்று காலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லி அதிகாரியிடம் கேளுங்கள். அப்படியும் பதியாமல் இன்னொரு நாள் வரச் சொல்லக்கூடும். புறப்படும்போதே திரும்பி வரும் பஸ்ஸுக்கான சில்லறையை அவர் சட்டைப் பையில் தனியாகப் போட்டுவிடுங்கள்.